ஜேர்மன் மொழியிற் பிரியா முன்னொட்டு வினைகள்

பிறமொழி கற்கப் புகுவோர் பெயர்ச்சொற்களை ஒருவாறு எளிதிற் பற்றிக்கொள்வர், வினைச்சொற்களிடத்தேதான் இடர்ப்படுவர். ஜேர்மன் மொழியில் அவ்விடர் ஒரு தனி வடிவங் கொண்டு நிற்கின்றது. 'ஸாகென்' என்பது அம்மொழியிற் சொல்லுதலைக் குறிக்கும் வினை. பயிலத் தொடங்கிய முதற் கிழமையிலேயே மாணாக்கர் அதனைக் கற்றுவிடுவர். அதன் முன்னே 'ஃபெர்' என்னும் சிற்றசையொன்று வந்து ஒட்டிய மாத்திரத்தே 'ஃபெர்ஸாகென்' என்றாகி, மறுத்தல் எனவும் தவறிப்போதல் எனவும் பொருள்படும். வெளிநாட்டவர் அலுவலகத்திலிருந்து வந்த கடிதத்தில் 'விர்ட் ஃபெர்ஸாக்ட்' என்றிருக்கக் கண்டு, 'ஏதோ சொல்லியிருக்கிறார்கள்' என எண்ணி அதனை மடித்து வைப்பவர், தமது விண்ணப்பம் மறுக்கப்பட்டமையை அறியமாட்டார். மேன்முறையீட்டுக்குரிய தவணை அதற்கிடையிற் கழிந்துபோம்.

ஓர் இந்துக் கல்லூரியின் பழைய மாணவர் மலரில் ஜேர்மன் இலக்கணத்துக்கு என்ன வேலை என்று அன்பர்கள் வினவலாம். 1983ஆம் ஆண்டின் பின்னர் எம்மவர் பெருந்தொகையினராய் அந்நாட்டிற் சென்று குடியேறினர். எமது கல்லூரியின் பழைய மாணவரும் அவருள் உளர். 2007ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்திலே ஜேர்மனி தன் சட்டத்தைத் திருத்தி, அங்கு வாழும் வெளிநாட்டவரின் வாழ்க்கைத்துணையாய் வந்து சேர விரும்புவோர் பெரும்பாலும் புறப்படுமுன்னரே எளிய ஜேர்மன் அறிவைச் சான்றிதழாற் காட்டல் வேண்டுமென விதித்தது. அதனால் திருமணம் முடிந்தும் பயணப்படாது, கொழும்பிலுள்ள கதே நிறுவனத்தின் தேர்வை எதிர்நோக்கியிருக்கும் பிள்ளைகள் எம் ஊர்களிற் பலர். அத்தகையார் சிலருக்கு மாலைப்பொழுதுகளிற் பாடஞ் சொல்லும் வாய்ப்பு எமக்குக் கிட்டியது. நாம் தமிழாசிரியர், ஜேர்மன் மொழியை இலக்கண நூல்களின் வழியே கற்றவர். ஆதலின் இக்கட்டுரை தமிழிலக்கணம் அறிந்தவரை நோக்கி, அவ்வறிவின் துணைகொண்டே எழுதப்படுகின்றது. ஜேர்மன் சொற்களை இயன்றவரை அவற்றின் ஒலிக்கேற்பத் தமிழெழுத்திலே தருகின்றோம். ஒலிநுட்பங்களை ஒலிப்பதிவுகளிற் கேட்டுத் தெளிக.

இனி விடயத்துக்கு வருவோம். ஜேர்மன் வினைகள் முன்னொட்டுப் பெறும்வழி இருவகைப்படும். ஒருவகை முன்னொட்டு வினையை விட்டுப் பிரிந்து வாக்கியத்தின் ஈற்றிற் சென்று நிற்கும். மற்றையது ஒருகாலும் பிரியாது. 'கொம்மென்' என்பது வருதல். அதனோடு 'அன்' சேர 'அன்கொம்மென்' என்றாகி, வந்துசேர்தல் என்னும் பொருளைத் தரும். 'புகைவண்டி எட்டு மணிக்கு வந்துசேரும்' என்பதனை அவர்கள் 'டேர் ட்ஸூக் கொம்ட் உம் அஹ்ட் ஊர் அன்' என்பர். வினை இரண்டாம் இடத்தில் நிற்க, 'அன்' மட்டும் கடைசியிற் போய் நிற்றல் காண்க. அதே கொம்மெனோடு 'பெ' சேர 'பெகொம்மென்' என்றாகும். இது பெறுதலைக் குறிக்கும். 'அவள் ஒரு கடிதம் பெறுகின்றாள்' என்பது 'ஸீ பெகொம்ட் ஐனென் பிரீஃப்'. ஈண்டுப் 'பெ' தன் இடத்தை விட்டு அசையவில்லை. (ஆங்கிலம் அறிந்தார் இதனைப் 'பிகம்' என்னும் சொல்லோடு மயங்கி, 'நான் ஒரு மருத்துவர் ஆகின்றேன்' என்று சொல்லப் புகுந்து, 'எனக்கு ஒரு மருத்துவர் கிடைக்கின்றார்' என்று சொல்லிவிடுவதுண்டு.)

பிரியும் வினைகளைப் பற்றி அமெரிக்க எழுத்தாளர் மார்க் டுவெய்ன் 1880ஆம் ஆண்டில் வெளிவந்த தமது பயண நூலின் பின்னிணைப்பில் மிக நகையாடியுள்ளார். அவரது நகைப்பைப் படித்தவர் பிரியும் வினைகளே கொடியன என்று கருதுவர். எமது அனுபவத்தில் உண்மை வேறு. பிரியும் முன்னொட்டுக்கள் பெரும்பாலும் தமக்கெனத் தெளிந்த பொருளுடையன. மேல், உள், வெளி, முன், திரும்ப என்றாற்போல்வன. அவை தூரத்திற் சென்று நிற்பதால் தொல்லை தருமேயன்றிப் பொருளை மறைப்பதில்லை. பிரியா முன்னொட்டோ அருகிலிருந்தே ஏமாற்றும்.

பிரியா முன்னொட்டுக்கள் எட்டு. அவையாவன: பெ, எம்ப், என்ட், எர், கெ, மிஸ், ஃபெர், ட்செர். எழுத்திற் சிறியனவாய், தனித்து வழங்காதனவாய், பிற சொல்லைச் சார்ந்தே நிற்பன. இவற்றுள் எம்ப் என்பது என்ட் என்பதன் திரிபேயாம். பின்னே வரும் 'ஃப' ஒலியினால் டகரம் பகரமாயிற்று. நம் புணர்ச்சியிலக்கணம் பயின்றவருக்கு இது புதுமையன்று. எம்ப் பெற்ற வினைகள் பெருவழக்கில் மூன்றே உள. எனவே பயில்வோர் உண்மையில் எதிர்கொள்ள வேண்டியவை ஏழு.

இவற்றுக்குப் பாடநூல்கள் மூன்று விதிகள் கூறும். முதலாவது, முன்னொட்டுப் பிரியாது என்பது. இரண்டாவது, இறந்தகால எச்சம் 'கெ' பெறாது என்பது. மூன்றாவது, 'ட்ஸூ' என்னும் இடைச்சொல் முன்னொட்டுக்கும் வினைக்கும் நடுவே புகாது, முழுச்சொல்லின் முன்னே தனித்து நிற்கும் என்பது. பிள்ளைகள் இம்மூன்றையும் மூன்று தனிச் சூத்திரங்களாக மனனஞ் செய்கின்றனர். தேர்வு மண்டபத்தில் ஒன்றை மறந்து மற்றொன்றை எழுதுகின்றனர். 'கெ வராத வினைகள் எல்லாவற்றையும் பாடமாக்க வேண்டுமோ, சேர்?' என்று ஒரு மாணவி வினவினாள். வேண்டா என்பதே எம் விடை. மூன்று விதிகளுக்கும் காரணம் ஒன்று. அது கண்ணுக்குப் புலப்படாது, செவிக்கே புலப்படும்.

ஜேர்மன் சொற்களில் ஓரசை மற்றவற்றினும் அழுத்தி ஒலிக்கப்படும். பிரியும் வினையில் அவ்வழுத்தம் முன்னொட்டின்மேல் விழும்: அன்கொம்மெனில் 'அன்' ஓங்கி ஒலிக்கும். பிரியா வினையில் அழுத்தம் வினையடியின்மேல் விழும்: பெகொம்மெனில் 'கொம்' ஓங்கும், 'பெ' வாய்க்குள்ளே தேய்ந்து மெல்ல ஒலிக்கும். ஓங்கி ஒலிப்பது தனித்து நிற்க வல்லது; ஆதலின் அது பிரிந்து செல்லும். தேய்ந்து ஒலிப்பதற்குத் தனித்து நிற்கும் வலிமை இல்லை. ஆதலின் அது வினையைப் பற்றிக்கொண்டிருக்கும். முதல் விதி இதனுள் அடங்கிற்று. பிரிக்கவொண்ணாத ஒன்றன் நடுவே 'ட்ஸூ' புகுதலும் இயலாதாகலின் மூன்றாம் விதியும் அடங்கிற்று. ஜேர்மன் நகரங்களில் வீட்டுப் பலகணிகளிலே 'ட்ஸூ ஃபெர்மீடென்' என்று எழுதிய அட்டைகளைக் காணலாம். 'வாடகைக்கு விடப்படும்' என்பது அதன் கருத்து. 'ட்ஸூ' ஒரு சொல்லாய் முன்னே நிற்கின்றது. பிரியும் வினையாகிய 'ஔஃப்ஷ்டேஹென்', அதாவது எழுந்திருத்தல், அவ்வாறன்றி 'ஔஃப்ட்ஸூஷ்டேஹென்' என ஒரே சொல்லாய் வரும்.

எஞ்சியது இரண்டாம் விதி. இதுவே விரித்துரைக்கத் தக்கது. 'கௌஃபென்' என்பது வாங்குதல். 'அவன் வாங்கினான்' என்பதனை 'ஏர் ஹட் கெகௌஃப்ட்' என்பர். 'ஹட்' துணைவினை, 'கெகௌஃப்ட்' இறந்தகால எச்சம். இக் 'கெ', அழுத்தம் பெற்ற அசையின் முன்னே மட்டுந்தான் வரும். விற்றல் என்னும் பொருளுடைய 'ஃபெர்கௌஃபென்' அழுத்தமற்ற அசையிலே தொடங்குகின்றது. அழுத்தமற்ற ஃபெர் முன்னே அழுத்தமற்ற கெ வந்தால், நொண்டும் இரண்டு அசைகள் அடுத்தடுத்து நிற்கும். அதனை அம்மொழி ஏலாது. ஆகவே 'ஃபெர்கௌஃப்ட்' என்றே நின்றது.

இக்கூற்று உண்மையா என்பதனை இரண்டு வினைகளால் சோதித்துப் பார்க்கலாம். 'ஷ்டுடீரென்' என்பது பல்கலைக்கழகத்திற் பயிலுதல். இஃது இலத்தீன் வழிவந்த சொல். இதில் முன்னொட்டே இல்லை. ஆயினும் இதன் எச்சம் 'ஷ்டுடீர்ட்' என்பதேயன்றிக் 'கெ' பெறுவதில்லை. ஏனெனில் அழுத்தம் இரண்டாம் அசையாகிய 'டீ' மேல் விழுகின்றது. முன்னொட்டுத்தான் காரணமாயின் இங்கே கெ வந்திருத்தல் வேண்டும். இனி 'ஃபோர்பெரைடென்' என்பதனை நோக்குக. ஆயத்தஞ் செய்தல் என்பது அதன் பொருள். முன்னே 'ஃபோர்' என்னும் பிரியும் ஒட்டும், அடுத்துப் 'பெ' என்னும் பிரியா ஒட்டும் உள. வாக்கியத்தில் ஃபோர் பிரிந்து ஈற்றுக்குச் செல்லும். எச்சத்திலோ 'ஃபோர்பெரைடெட்' என்று கெ இன்றியே வரும். ஃபோர் நீங்க எஞ்சுவது பெ என்னும் மெல்லசையிலே தொடங்குதலின் கெ அங்கே இடம்பெறவில்லை. ஒரே வினை ஒருபுறம் பிரிந்தும் மறுபுறம் கெ மறுத்தும் நிற்பதைக் கண்ட மாணாக்கர், விதிகளை எண்ணுவதை விடுத்துச் சொல்லை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கத் தொடங்குவர். அது நிகழும் நாளே எமக்குப் பாடம் நடந்தேறிய நாள்.

இச் சிற்றசைகள் எங்கிருந்து வந்தன என்பதும் சுவையான செய்தி. இவை ஒருகாலத்தில் இடத்தையும் திசையையும் குறித்த முழுச்சொற்களாய் இருந்தன. ஜேர்மானிய மொழிகளில் பெயர்ச்சொல்லின் அழுத்தம் முதலசையில் நிலைத்தது. ஆதலின் பெயரில் முன்னொட்டுத் தன் பழைய உருவத்தைக் காத்துக்கொண்டது. வினையில் அழுத்தம் அடியின்மேல் நின்றமையால் முன்னொட்டுத் தேய்ந்தது. 'எர்லௌபென்' என்பது அனுமதித்தல்; அதற்கு இனமான பெயர் 'ஊர்லௌப்'. பண்டு அனுமதி என்றிருந்த அப்பெயர், பணியிலிருந்து விலகிச் செல்ல விடைபெறுதல் என்றாகி, இன்று விடுமுறையைக் குறிக்கின்றது. 'எர்டைலென்' என்பது வழங்குதல். 'ஊர்டைல்' என்பது தீர்ப்பு, அதாவது நீதிமன்றம் வழங்குவது. எர் என்பதும் ஊர் என்பதும் ஒரே சொல்லின் தேய்ந்த உருவும் தேயாத உருவுமாம். அவ்வாறே விடை என்னும் பொருளுடைய 'அன்ட்வோர்ட்' என்பதிலுள்ள அன்ட், வினையில் 'என்ட்' என்றாயிற்று. ஆங்கிலத்து 'ஆன்சர்' என்னும் சொல்லின் முதலசையும் இதுவே. ஆங்கிலத்தில் ஃபொர்கெட், ஃபொர்கிவ், ஃபொர்பிட் என வருவனவற்றின் முன்னொட்டும் ஜேர்மன் ஃபெர் என்பதன் உறவே. மறத்தல், மன்னித்தல், விலக்குதல் ஆகிய மூன்றும் அங்கும் ஃபெர் பெற்றே வரும்.

வடமொழி பயின்றாருக்கு உபசர்க்கங்கள் உடனே நினைவுக்கு வரும். ஆகாரம், சங்காரம், பரிகாரம் என்பனவும், நாம் நாள்தோறும் வழங்கும் விகாரை என்பதும் ஒரே வினையடியிற் பிறந்தன. உணவு, அழிப்பு, கழுவாய், பிக்குகள் உறையும் இடம் என அவற்றின் பொருள்கள் எவ்வளவு அகன்று நிற்கின்றன! வேதமொழியில் உபசர்க்கம் வினையை விட்டுத் தூரத்தே நிற்கவுங் கூடும். பிற்கால வடமொழியில் அது வினையோடு ஒட்டிப்போயிற்று. ஜேர்மன் மொழி அவ்விரு நிலைகளையும் ஒருங்கே வைத்துக்கொண்டிருக்கின்றது எனலாம்.

இறந்தகால எச்சத்தின் 'கெ'யும், முன்னொட்டாகிய 'கெ'யும் உருவத்தில் ஒன்றாதலின் ஒரு மயக்கம் நேரும். 'ஹோரென்' கேட்டல், 'கெஹோரென்' உரித்தாதல். இரண்டுக்கும் எச்சம் 'கெஹோர்ட்' என்பதே. 'ஃபல்லென்' விழுதல், 'கெஃபல்லென்' ஒருவர்க்குப் பிடித்தமாதல். இரண்டுக்கும் எச்சம் 'கெஃபல்லென்' என்பதே. துணைவினைதான் வேறுபாட்டைக் காட்டும். 'இஸ்ட் கெஃபல்லென்' எனின் விழுந்தான். 'ஹட் கெஃபல்லென்' எனின் பிடித்திருந்தது. ஜேர்மனியின் ஊர்கள் பலவற்றில் இரு உலகப் போர்களிலும் மாண்டவர்க்கு எடுத்த நினைவுக்கற்கள் நிற்கின்றன. அவற்றிற் கெஃபல்லென் என்று பொறிக்கப்பட்டிருந்தால், களத்தில் வீழ்ந்தவர் என்பதே கருத்து. வீழ்தல் என்பது மாளுதலைக் குறித்தல் எம்மொழிக்கும் உரியதே. இன்னொன்று: அந்நாட்டிற் கால்வைக்கும் எவரும் முதலில் நிரப்பும் படிவத்தில் 'கெபோரென்' என்னும் சொல் இருக்கும், பிறந்த நாளை எழுதுக என்பது அதன் குறிப்பு. அதன் கெ எச்சத்துக்குரியதன்று. 'கெபேரென்', ஈனுதல், என்னும் வினையிலேயே உள்ளது.

இனிப் பொருளை நோக்குவோம். ஒவ்வொரு முன்னொட்டுக்கும் ஒவ்வொரு பொருளைக் குறித்து அட்டவணை தரும் நூல்கள் உண்டு. அவற்றை நம்பிச் செல்வோர் வழியில் இடறுவர். ஆயினும் சிலவற்றுக்கு ஒரு போக்கு உண்டென்பதை மறுத்தற்கில்லை.

'பெ' பெரும்பாலும் வினையைச் செயப்படுபொருளோடு நேரே பிணைக்கும். 'வோனென்' என்பது வசித்தல். 'வீட்டில் வசித்தல்' என ஏழாம் வேற்றுமைப் பாங்கில் ஓரிடைச்சொல் வேண்டும். 'பெவோனென்' என்றால் வீடு இரண்டாம் வேற்றுமை ஏற்கும். வினாவுக்கு விடையளித்தல் 'அன்ட்வோர்டென்'; வினாவையே பொருளாகக் கொள்வது 'பெஅன்ட்வோர்டென்'. செயப்படுபொருள் குன்றிய வினை, குன்றா வினை என்னும் பாகுபாட்டை அறிந்த எமக்கு இது விளங்குதல் எளிது. விண்ணப்பித்தலைக் குறிக்கும் 'பெஅன்ட்ராகென்' என்பதில் 'அன்' இருக்கின்றதே, அது பிரியாதோ எனச் சிலர் ஐயுறுவர். பிரியாது. அது பெயுக்குப் பின்னே உள்ளே அடைபட்டுக் கிடக்கின்றது.

'எர்' ஒரு செயலை அதன் முடிவுவரை கொண்டுசெல்லும். 'ட்ரிங்கென்' குடித்தல், 'எர்ட்ரிங்கென்' நீரில் மூழ்கி இறத்தல். 'ஃப்ரீரென்' குளிரால் நடுங்குதல். 'எர்ஃப்ரீரென்' குளிரில் விறைத்து உயிர்விடுதல். எல்லா முடிவும் சாவன்று; 'அர்பைடென்' வேலைசெய்தல், 'எர்அர்பைடென்' உழைத்துப் பெறுதல். 'ட்செர்' சிதைத்தலைக் காட்டும். 'ரைசென்' கிழித்தல், 'ட்செர்ரைசென்' துண்டு துண்டாய்க் கிழித்துப்போடுதல். தமிழிலே கிழித்துப்போடு, உடைந்துபோ, எழுதிமுடி, கொடுத்துவிடு என்னுமிடங்களில் பின்னே வரும் துணைவினை எப்பணியைச் செய்கின்றதோ அதனையே இம்முன்னொட்டுக்கள் முன்னே நின்று செய்கின்றன. நாம் வகுப்பில் இவற்றை விளக்கும்போது தமிழ்த் துணைவினைகளையே முதலிற் கரும்பலகையில் எழுதுவது வழக்கம். பொருத்தம் எங்கும் முற்ற அமையாதெனினும், மாணாக்கரின் அச்சம் பெரிதுங் குறைகின்றது.

'என்ட்' நீக்கத்தைக் குறிக்கும். 'டெக்கென்' மூடுதல், 'என்ட்டெக்கென்' மூடியது நீங்கக் காணுதல், அதாவது கண்டுபிடித்தல். 'என்ட்கொம்மென்' தப்பிவருதல். 'என்ட்லஸ்ஸென்' என்பது விடுவித்தல். வைத்தியசாலையில் இச்சொல்லைக் கேட்டால் நோயாளர் வீடு செல்லலாம் என்று மகிழலாம். தொழிற்சாலையிற் கேட்டால் வேலை போயிற்று. சொல் ஒன்றே.

'ஃபெர்' ஒன்றுதான் எவர்க்கும் அடங்காதது. கிரிம் சகோதரர் தொடங்கிய பேரகராதியின் முதற்றொகுதி 1854இல் வெளிவந்தது. பணி முற்றுப்பெற்றது 1961இல். ஃபெர் சொற்கள் அடங்கிய எழுத்துக்கு அவ்வகராதி 1956இல் தனியே ஒரு பெருந்தொகுதி ஒதுக்கியது. தொடங்கிச் சில பக்கங்களிலேயே ஃபெர் புகுந்து இறுதிவரை அதுவே நிறைந்து கிடக்கின்றது. மூன்று வேறு பழைய முன்னொட்டுக்கள் தேய்ந்து ஒரே ஒலியில் வந்து கலந்தமையே இப்பெருக்கத்துக்கும் பொருள் முரணுக்கும் காரணம் என்பர் மொழிநூலார். எனவே ஃபெர் என்பதற்கு ஒரு பொருளைத் தேடுவது வீண். சில குழுக்களாகப் பார்க்கலாம். தவறுதல் ஒரு குழு: வழிதவறி நடத்தல், பிழைபட எழுதுதல், பிழைபடக் கேட்டல் எல்லாம் ஃபெர் பெறும், அவை பெரும்பாலும் 'ஸிஹ்' என்னும் தற்சுட்டுப் பெயரோடு வரும். எதிர்மாறு மற்றொரு குழு: வாங்குதலும் விற்றலும் முன்னரே கண்டோம், 'மீடென்' வாடகைக்கு எடுத்தல், 'ஃபெர்மீடென்' வாடகைக்குக் கொடுத்தல். வீடு தேடுவோர் இவ்விரண்டையும் மாற்றிச் சொன்னால் இல்லாத வீட்டைப் பிறர்க்குக் கொடுப்பவராவர்! பண்புச்சொல்லிலிருந்து வினையாக்குதல் இன்னொரு குழு: 'லங்' நீண்ட, 'ஃபெர்லெங்கெர்ன்' நீடித்தல். வதிவிட அனுமதியின் காலத்தை நீடித்தற்கு இதுவே சொல்லாதலின், எம்மவர் வாயில் இது தமிழ்ச்சொல்போலவே வழங்குகின்றது. 'ஷ்ப்ரெஹென்' பேசுதல்; 'ஃபெர்ஷ்ப்ரெஹென்' வாக்குக் கொடுத்தல். ஸிஹ் சேர்ந்தாலோ அதுவே வாய்தவறிப் பேசுதலையுங் குறிக்கும். கடைசியாக, எக்குழுவிலும் அடங்காதன. 'ஷ்டேஹென்' நிற்றல், 'ஃபெர்ஷ்டேஹென்' விளங்கிக்கொள்ளுதல். நிற்பதற்கும் விளங்குவதற்கும் என்ன தொடர்பு என்று எம்மைக் கேட்பவரிடம், ஆங்கிலத்தில் 'அண்டர்ஸ்டாண்ட்' என்பதிலும் நிற்றலே இருக்கின்றது என்று மட்டும் கூறி அமைவோம்.

'மிஸ்' பிழைபடுதலைக் குறிப்பது. அதிகம் சொல்ல வேண்டுவதில்லை. 'மிஸ்ஃபெர்ஷ்டேஹென்', தவறாக விளங்கிக்கொள்ளல், என்பதிலோ அழுத்தம் மிஸ் மேல் விழும். அதற்கேற்ப ட்ஸூவும் மிஸ்ஸுக்கும் ஃபெர்ருக்கும் நடுவே புகும். அழுத்தம் இடம்மாறியவுடன் இலக்கணமும் இடம்மாறுதலை ஈண்டும் காண்க.

வெளிநாட்டவர் அலுவலகக் கடிதங்களில் வரும் வினைகள் பெரும்பாலும் பிரியா முன்னொட்டுடையனவாயிருத்தல் எம் கவனத்தை ஈர்த்தது. அனுமதி எர்டைல்ட் ஆனால் வழங்கப்பட்டது. ஃபெர்ஸாக்ட் ஆனால் மறுக்கப்பட்டது. ஃபெர்லெங்கெர்ட் ஆனால் நீடிக்கப்பட்டது. 'எர்லிஷ்ட்' எனில் செல்லாதொழிகின்றது. இந்நான்கையும் முன்னொட்டை உரித்துவிட்டுப் படிப்பவர் பகிர்தல், சொல்லுதல், நீளம், தீயணைத்தல் என்றே கொள்வர். ஆதலின் தேர்வுக்குரிய சொற்பட்டியலில் இல்லையாயினும் இவற்றை நாம் தவறாது கற்பிக்கின்றோம். தேர்வு முடிவில் 'பெஷ்டன்டென்' என்றிருந்தால் சித்தி. அதுவும் நிற்றலோடு பெ சேர்ந்த வினையின் எச்சமே. கெ இல்லாமையைப் பிள்ளைகளே சுட்டிக்காட்டுவர்.

பயிலும் முறையைப் பற்றிச் சில கூறுவோம். முன்னொட்டு வினையை ஒருபோதும் தனிச்சொல்லாய் எழுதிவைத்தல் கூடாது. ஒரு சிறு வாக்கியத்தில், இறந்தகாலத்தில், துணைவினையோடு எழுதுக. 'இஹ் ஹாபெ ஐனென் பிரீஃப் பெகொம்மென்' என்று எழுதினால், எச்சமும் வினையின் மூலவடிவும் ஒன்றாயிருத்தல், துணைவினை ஹாபெ என்பது, செயப்படுபொருள் கொள்ளும் உருபு ஆகிய யாவும் ஒரே வரியில் அமைந்துவிடும். அழுத்தமுள்ள அசையின்கீழ்ச் சிவப்பு மையாற் கோடிடுக. நாள்தோறும் பத்து வாக்கியங்களை உரத்துப் படிக்க. திண்ணையிலிருந்து தேவாரம் ஓதிப் பழகிய தலைமுறைக்கு உரத்துப் படித்தலின் பயனை எடுத்துரைக்க வேண்டியதில்லை. இன்றைய பிள்ளைகள் வாய்க்குள்ளே படிக்கின்றனர்.

முடிவாக, ஒரே எழுத்துக்கள் இருவகையாகவும் வழங்கும் முன்னொட்டுக்கள் சில உள. யூபெர், உம், டுர்ஹ், உன்டெர், வீடெர் என்பன அவை. இவற்றில் எழுத்து உதவாது, அழுத்தமே துணை. 'யூபெர்ஸெட்சென்' என்பதில் ஸெட் அழுந்தினால் மொழிபெயர்த்தல், பிரியாது, எச்சம் கெ பெறாது. கார்ல் கிரௌல் 1856ஆம் ஆண்டு திருக்குறளை ஜேர்மனில் வெளியிட்டாரே, அவர் செய்தது இது. யூ அழுந்தினால் தோணியில் அக்கரைப்படுத்தல், பிரியும், எச்சம் 'யூபெர்கெஸெட்ஸ்ட்' என்று நடுவே கெ பெறும். ரைன் நதித் தோணிக்காரர் செய்வது அது. 'உன்டெர்ஷ்ரைபென்', கையொப்பமிடுதல், என்பதில் அழுத்தம் ஷ்ரை மேலேயே நிற்பதால் பிரியாது.

'உம்ஃபாரென்' இன்னும் கூர்மையானது. ஃபா அழுந்தினால் வண்டியைச் செலுத்தி ஒன்றைச் சுற்றி விலகிப் போதல். உம் அழுந்தினால் வண்டியால் மோதி வீழ்த்துதல். 'ஏர் ஹட் டென் மன் உம்ஃபாரென்' என்று ஒருவர் சொன்னால் சாரதி அம்மனிதரை விலகிச் சென்றார். 'உம்கெஃபாரென்' என்றால் இடித்துவிட்டார். நல்ல அகராதிகள் அழுத்தமுள்ள உயிரின்கீழ்ப் புள்ளியோ கோடோ இட்டிருக்கும். குறிலுக்குப் புள்ளி, நெடிலுக்குக் கோடு. பிரியும் வினையாயின் முன்னொட்டுக்கும் வினைக்கும் இடையே நெடுங்கோடொன்றும் காணப்படும். சொல்லின் பொருளைத் தேடுமுன்னர் அக்குறிகளைப் பார்க்கப் பழகுக.